மலைநாட்டுப் பெயர்கள்: இனப்பெயர் பொருள் மாறிய வரலாறு

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் 'வடக்கத்தியான்' என்றொரு சொல் உண்டு. இந்தியாவிலிருந்து வந்த தமிழனையும் அவன் வழிவந்தோரையும் அது குறிக்கும். சற்று இழிவு தொனிக்கவே குறிக்கும். அதே சொல் பாக்குநீரிணையைக் கடந்து தமிழகம் சென்றால், இந்தி முதலாய மொழிகளைப் பேசும் வட இந்தியனைச் சுட்டுகின்றது. பதுளையில் வாழும் நமக்கோ வடக்கு என்பது யாழ்ப்பாணமே. ஆகவே, யாழ்ப்பாணத்தார் எவரை வடக்கத்தியார் என்கின்றனரோ, அவர்கள் நிற்கும் மலையுச்சியிலிருந்து நோக்கினால் யாழ்ப்பாணத்தாரே வடக்கத்தியார். சொல் ஒன்று, நிற்கும் இடம் மூன்று, சுட்டப்படும் மக்களும் மூவகையினர்.

இனப்பெயர்களை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் சொற்பிறப்பையே முதலில் நாடுவர். அது வேண்டற்பாலதே. எனினும், வேர்ச்சொல்லைக் கண்ட மாத்திரத்தில் ஒரு பெயரின் வரலாறு முடிந்துவிடுவதில்லை. அப்பெயரை வழங்கியவர் யார், எவ்விடத்து நின்று வழங்கினர், எத்தேவை நோக்கி வழங்கினர் என்பனவும் காணத்தக்கவை. இனப்பெயர் என்பது பெயர் பெற்றவனைப் பற்றி உரைப்பதினும் பெயர் இட்டவனைப் பற்றி உரைப்பதே மிகுதி என்பது எமது துணிபு. இதனை ஆராய ஊவாவைப் போல் வாய்ப்பான நிலம் வேறொன்று இல்லை எனலாம். பதுளைக் கடைவீதியில் ஒரு சந்தை நாளில் நடந்து செல்வோன் கண்டிச் சிங்களவரையும் கரைநாட்டுச் சிங்களவரையும், சோனகரையும் மலாயரையும், யாழ்ப்பாணத்தாரையும் மட்டக்களப்பாரையும், பசறை, ஆலி-எல, தெமோதரைத் தோட்டங்களிலிருந்து இறங்கிவந்த நம்மவரையும் ஒருங்கே காண்பான். இவர்களுள் ஒருவரேனும் எல்லோராலும் ஒரே பெயரால் அழைக்கப்படுபவர் அல்லர். மலாயரைச் சிங்களவர் சாவகத்தோடு சார்த்தி 'ஜா' மக்கள் என்பர். அவர்தம் முன்னோரோ சாவகத்திலிருந்து மட்டும் வந்தவர் அல்லர்.

முதற்கண் 'மலபார்' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். இன்று அப்பெயர் கேரள நாட்டின் வடபகுதியைக் குறிப்பது. ஆயின், ஒல்லாந்தரும் அவர்க்குப் பின் வந்த ஆங்கிலேயரும் நெடுங்காலமாகத் தமிழரையே மலபாரிகள் என்று எழுதி வந்தனர். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தேசவழமையைத் தொகுத்து எழுதுவித்தபோது, அது யாழ்ப்பாணத்து மலபாரிகளின் வழக்கங்கள் எனப்பட்டது. மேற்குக் கரையில் முதலில் இறங்கிய ஐரோப்பியர் அக்கரையின் பெயரையே கண்ட இடமெங்கும் கொண்டு சென்றனர். யாழ்ப்பாணத்துச் சைவ வேளாளன் ஒருவன் தன்னை ஒருபோதும் மலபாரி என்று எண்ணியிருக்கமாட்டான்; எனினும் நீதிமன்றப் படியேறினால் அவனது முதுசொமும் சீதனமும் அப்பெயரைக் கொண்டே தீர்க்கப்பட்டன.

இப்பெயர் நம் மலைநாட்டுக்கு ஏறிவந்த கதை இன்னும் வியப்புக்குரியது. கண்டியரசின் கடைசி மன்னர் நால்வரும் நாயக்கர் மரபினர். 1739இல் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரசேறியது முதல் 1815 வரையும் அவர் ஆட்சி நடந்தது. மதுரை நாயக்கரோடு உறவு பூண்ட தெலுங்கு மரபினரான இவர்களைத் தமிழ்நாட்டார் வடுகர் என்பர். 1815 மார்ச்சு 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை எழுதப்பட்டபோது, ஆங்கிலேயர் அவர்களை மலபார் இனத்தார் என்று குறித்து, அவ்வினத்தார்க்குக் கண்டி நாட்டின்மீது இருந்த உரிமை முற்றும் ஒழிந்தது என்றும் விதித்தனர். தெலுங்கு மரபில் தோன்றி, தமிழிற் பழகி, பௌத்தத்தைப் புரந்து, சிங்கள அரசனாக முடிசூடிய ஒருவன் ஆங்கில ஏட்டில் மலபாரி ஆயினான்! வந்தவன் யார் என்ற கேள்விக்கு அவ்வேட்டில் விடை தேடுதல் வீண். அவனை அந்நியன் என்று காட்டல் வேண்டும் என்பதே எழுதியோரின் தேவை. கையில் இருந்த பெயரை அவர்கள் அதற்குப் பயன்படுத்திக்கொண்டனர்.

ஆயின், அரசியல் ஏட்டில் ஒழிந்த மலபாரி மக்கள் மனத்தில் ஒழிந்தானல்லன். இரண்டே ஆண்டுகளில், 1817இல், வெல்லச என்னும் நம் ஊவாப் பகுதியிலேயே பெருங்கிளர்ச்சி மூண்டது. அதற்குத் தலைமை தாங்க எழுந்தவன் தன்னைத் துரைசாமி என்றும், நீக்கப்பட்ட மன்னனின் உறவினன் என்றும் கூறிக்கொண்டான். ஊவாவின் சிங்களக் குடியானவர்கள் அவனை அரசன் என ஏற்று அம்பும் வில்லும் எடுத்தனர். மலபார் இனத்தானை விரட்டி விடுதலை தந்தோம் என்று ஆங்கிலேயர் பறைசாற்ற, அம்மக்களோ ஒரு துரைசாமியின் பேரால் ஆங்கிலேயரை எதிர்த்தனர். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொல தாமே அதிற் சேர்ந்து, 1818 நவம்பரில் தலை கொடுத்தார். துரைசாமி எனப்பட்டவன் உண்மையில் வில்பாவே என்னும் சிங்களவன், முன்னர் பிக்குவாய் இருந்தவன் என்பது இடையே வெளிப்பட்டது. அவன் பொய் உரைத்தான் என்பது வரலாற்றாசிரியர்க்குப் பெரிதாயிருக்கலாம். சிங்களவன் ஒருவன் ஊவாவில் மக்களைத் திரட்ட விரும்பியபோது தமிழொலியுடைய பெயரொன்றைத் தேர்ந்தான் என்பதே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. அரசுரிமை எனும் அளவுகோலால் அளந்த மக்கட்கு நாயக்கன் அந்நியன் ஆகவில்லை.

மலபார் என்ற பெயர் நம் நாட்டுப் பேச்சினின்றும் மறைந்துபோயிற்று. இந்துமாக்கடலின் மறுகோடியில், பிரெஞ்சுக்காரர் ஆளும் ரீயூனியன் தீவில், அது இன்றும் வாழ்கின்றது. அங்குக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோரின் சந்ததியார், பெரும்பாலும் தமிழ் வழியினர், 'மல்பார்' எனப்படுகின்றனர். தாமும் தம்மை அவ்வாறே கூறிக்கொள்கின்றனர். பிறர் தவறாக இட்ட பெயர் மூன்று நான்கு தலைமுறையிற் சொந்தப் பெயர் ஆகிவிட்டது.

சோனகர் பெயரும் இத்தகையதே. யவனர் என்னும் பழஞ்சொல்லின் வழியாகத் தமிழில் வந்தது சோனகர். ஆபிரிக்காவின் வடமேற்கு மூலையில் தாம் கண்ட முஸ்லிம்களின் பெயரைப் போர்த்துக்கேயர் இங்குக் கொணர்ந்து ஒட்டியது 'மூர்'. வெல்லசக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றே ஒரு பெயர்ப் பிரிவினையாகும். அப்பகுதிச் சோனகரைச் சிங்களத் திசாவையின் ஆணையினின்றும் பிரித்து, ஹாஜி மரிக்கார் என்பாரை அவர்கட்கு முகாந்திரமாக ஆங்கிலேயர் நியமித்தனர். அதுவரை ஊரோடு ஊராய் இராசகாரியம் செய்து வந்த மக்கள் திடீரெனத் தனிக் கணக்காயினர். கிளர்ச்சியில் முதலில் உயிரிழந்தோருள் அவரும், பதுளையிலிருந்து சென்ற அதிகாரி வில்சனும் அடங்குவர். பின்னர் 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதித்தார். அடுத்த ஆண்டே சட்டநிரூபண சபையில் சோனகர்க்குத் தனியிடம் கிடைத்தது, 1907இல் ஐ. எல். எம். அப்துல் அசீஸ் இராமநாதனுக்கு விரிவான மறுப்பு எழுதினார். சபையில் ஓர் ஆசனம் இல்லாதிருப்பின் இவ்வாராய்ச்சி இத்துணைச் சூடு பெற்றிருக்குமோ என்பது ஐயமே.

இனி, தோட்டங்களுக்கு வருவோம். கோப்பியும் அதன் வீழ்ச்சிக்குப் பின் தேயிலையும் ஊவாவின் காடுகளை அழித்த காலத்தில், திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து வந்தோர்க்குத் தம் ஊரும் சாதியுமே பெயராயிருந்தன. 'இந்தியன்' என்ற பெயர் அவர்கள் அறியாதது. அவர்கள் விட்டு வந்தது 'ஊர்'. வந்து சேர்ந்தது 'கண்டிச்சீமை'. கண்டி நகரை ஒருநாளும் காணாது நமுனுகுல மலையடியில் வாழ்ந்து மடிந்தவனும், தமிழகத்துக் கிராமத்தார்க்குக் கண்டிக்குப் போனவனே.

கடல் கடந்ததும் அவர்க்கு வேறொரு பெயர் காத்திருந்தது. 'கூலி' என்பது நம் பழந்தமிழ்ச் சொல். செய்த வேலைக்குப் பெறும் ஊதியம் என்பதே பொருள். அது தோட்டத்து இடாப்பில் ஏறியபோது ஊதியத்தை விட்டு ஆளைப் பற்றிக்கொண்டது. ஆளைப் பற்றியது பின் இனத்தையே பற்றிக்கொண்டது. தென்னாபிரிக்காவில் வழக்கறிஞர் காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார். அவர் எவரிடமும் நாட்கூலி பெற்றவர் அல்லர். குசராத்தியர், தமிழரும் அல்லர். 1901 முதல் தகரச்சீட்டு முறை வந்தபின் இங்கு வந்த தொழிலாளிக்குப் பெயரினும் கழுத்தில் தொங்கிய எண்ணே வழிகாட்டியது. எத்தோட்டம், எத்தனையாவது ஆள் என்பதை அத்தகரம் கூறியது. அதற்குமேல் அறியத் துரைமார்க்குத் தேவை இருக்கவில்லை.

தோட்டத்துக்குள்ளேயும் பெயர்கள் உருமாறின. 'குடியானவர்' என்றால் தமிழ்நாட்டில் உழவர் என்று பொருள். இங்கு நிலமற்ற தொழிலாளரிடையே அது, தாழ்த்தப்பட்டோர் அல்லாத பல சாதியினரைத் தொகுத்துச் சுட்டும் ஒரு பெருஞ்சாதிப் பெயர் போல் ஆயிற்று. ஏர் பிடியாதவனும் குடியானவன். ஊரில் ஒருவர்க்கொருவர் பெண் கொடாத பல சாதியினர் இங்கு லயங்களில் ஒரு பெயருக்குள் வந்தனர். தாழ்த்தப்பட்டோரும் அவர்களும் ஒரே பிரட்டுக்களத்தில் நின்று ஒரே கொழுந்தைப் பறித்தபோதும், பெயர்ச்சுவர் மட்டும் வீழாது நின்றது. இதனை மறைத்து எழுதுவதால் நமக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

இத்தனை பெயர்களையும் ஒரு பெயருக்குள் அடக்கியது 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு. அவ்வாண்டில்தான் தமிழர் என்னும் ஒரு பகுப்பு 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என இரண்டாயிற்று. இரு பிரிவினரும் தொகையில் ஏறக்குறைய சமமாய், ஒவ்வொன்றும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டு நின்றனர். எண்ணுவோர்க்கு இது வசதியான பகுப்பே. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வந்துபோய்க்கொண்டிருந்த காலம் அது. ஆயினும், லுணுகலையிலோ அப்புத்தளையிலோ பிறந்து, இந்தியக் கரையைக் கண்ணாலும் காணாத குழந்தையும் தந்தை வழியால் இந்தியத் தமிழர் வரிசையிலேயே எழுதப்பட்டது. பிறந்த இடத்தைக் குறிப்பதுபோல் தோன்றும் பெயர் வமிசத்தைக் குறிக்கத் தலைப்பட்டது. இங்ஙனம் பிரிக்கப்பட்டோர் தமிழர் மட்டும் அல்லர். சிங்களவரும் கண்டியர், கரைநாட்டார் என 1971 வரையும் பிரித்தே எண்ணப்பட்டனர். 1981இல் அப்பிரிவு கைவிடப்பட்டது. ஒரு காலத்தில் கண்டியர் தம்மைத் தனித் தேசியம் எனக் கூறி, 1920களில் சமஷ்டியாட்சியும் வேண்டியவர். அன்னோரின் பிரிவினைக் கோடு அழிந்தது, நமது கோடு அழியவில்லை. சிங்களவரை ஒன்றாக்கிய அதே ஏடு தமிழரை இரண்டாகவே வைத்திருந்தது.

ஏட்டுப் பகுப்பாய் இருந்தவரையில் அதனால் வந்த தீங்கு சிறிதே. 1948இல் அது வாழ்வைத் தீர்மானிக்கும் கருவியாயிற்று. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்தியன் என்ற சொல்லையே முதன்மைப்படுத்தவில்லை. தந்தை இங்குப் பிறந்தவரா, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவரா என்று மட்டும் கேட்டது. கேள்வி எல்லோர்க்கும் பொது. ஆயின், பதிவேடுகள் செவ்வையாய் இல்லாத காலத்துத் தோட்டத்திற் பிறந்த பாட்டனுக்குச் சான்றுக்கு எங்குச் செல்வது? கிராமத்துச் சிங்களவனிடமும் அச்சான்று இருந்திராது. அவனை எவரும் கேட்கவில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் என்று பெயரிட்டே வந்தது. அவ்வாண்டே தேர்தற் சட்டமும் திருத்தப்பட, 1947இல் வாக்களித்த தொழிலாளர் 1952இல் வாக்கற்றோர் ஆயினர். பிரசாவுரிமை வேண்டி ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர்.

பெயரின் வலிமையைத் தலைவர்களும் உணர்ந்திருந்தனர். 1939இல் தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரசின் தொழிற்சங்கம் 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசு எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 'இந்தியர்' என்ற சொல் நீங்கிற்று. 'இலங்கை' என்ற சொல் நின்றது. சங்கத்தின் பெயரை மாற்றுவது சங்கத்தாரின் கையில் உண்டு. மக்களின் பெயரை மாற்றும் உரிமை அவர்கள் கையில் இருக்கவில்லை. 1964 அக்டோபர் 30ஆம் நாள் ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாய்ப் பிரித்துக்கொண்டன. ஒரு லயத்தில் அண்ணன் இந்தியன், தம்பி இலங்கையன் என்ற விந்தையைப் பதுளை புகையிரத நிலையம் பல ஆண்டுகள் கண்டது. 1924இல் அவ்விடத்தை வந்தடைந்த அப்பாதை தேயிலைப் பெட்டிகளை இறக்கியதுபோலவே, தலைமன்னாருக்குச் செல்லும் மக்களையும் கண்ணீரோடு இறக்கிச் சென்றது.

இனித்தான் நம் பொருளின் உச்சம் வருகின்றது. இந்தியர் என்று சொல்லி அனுப்பப்பட்டோர் இந்தியாவில் இறங்கியதும் யாராயினர்? 'சிலோன்காரர்' ஆயினர். நீலகிரியில், அவர்கட்கு வேலை தரும் நோக்குடன் தமிழ்நாட்டரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலும், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களிலும் அவர்கள் அப்பெயராலேயே அறியப்பட்டனர். பேரப்பிள்ளைகளும் அதனின்று முற்றும் நீங்கவில்லை. நூற்றாண்டுக்கு மேலாக இங்கு வாழ்ந்தும் கிட்டாத இலங்கைப் பெயர், இலங்கையை விட்டு நீங்கிய அன்றே கிட்டிற்று. மலேசியாவிலோ 'சிலோன் தமிழர்' என்றால் யாழ்ப்பாணத்து வழியினரே; அங்கு இரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தோர் 'இந்தியர்'. ஆக, சிலோன் என்னும் ஒரே அடைமொழி பினாங்கில் புகையிரதப் பகுதி எழுதுவினைஞனின் குலத்தையும், கோத்தகிரியில் கொழுந்தெடுக்கும் பெண்ணையும் குறிக்கின்றது. அகராதியில் இவ்விரு பொருளையும் தேடினாற் காண்டல் அரிது.

வகுப்பறையில் யாம் அடிக்கடி காணும் ஒன்றை ஈண்டுச் சொல்லுதல் பொருந்தும். சிங்களப் படிவங்களில் 'ஜாதிய' என்றொரு கட்டம் இருக்கும். அம்மொழியில் அது இனத்தை, தேசியத்தைக் குறிக்கும் சொல். தேசிய கீதமே 'ஜாதிக கீய' ஆகும். அதனைத் தமிழ் எழுத்தொலியோடு படிக்கும் மாணவன் 'சாதி' எனக் கொண்டு நாணித் தலைகுனிவான், அன்றேல் வீட்டிற் கேட்டு வருவதாகச் சொல்வான். தமிழ்நாடு சென்றோர்க்கு எதிர்மாறான இடர். இனம் என்ன என்ற கேள்விக்கு ஆயத்தமாய்ச் சென்றவரிடம் அங்குள்ள அலுவலகம் சாதிச் சான்றிதழைக் கேட்டது. ஒரே வடசொல் இரண்டு மொழிகளிற் புகுந்து, ஒன்றில் நாட்டளவு விரிந்தும் மற்றொன்றில் தெருவளவு சுருங்கியும் நிற்கின்றது.

'மலையகத் தமிழர்' என்பது நம்மவர் தாமே தமக்கு இட்டுக்கொண்ட பெயர். தோட்டக்காட்டான் என்ற வசைக்கும் இந்தியத் தமிழர் என்ற ஏட்டுப் பெயருக்கும் மாற்றாக, எழுத்தாளரும் ஆசிரியரும் இளைஞரும் அதனைப் பரப்பினர். இதன் சிறப்பு, வந்த இடத்தை விட்டு வாழும் இடத்தைச் சுட்டுவது. இருந்தும், இப்பெயரும் கேட்போரைப் பொறுத்தே பொருள் தருகின்றது. சிங்களத்தில் 'உடரட்ட' என்பதும் மலைநாடே; ஆனால் உடரட்ட மக்கள் என்றால் கண்டிச் சிங்களவர், அதிலும் பழங்குடிப் பெருமை தொனிக்கும். ஒரே மலையைத் தமிழிற் சொன்னால் லயத்து மக்களும், சிங்களத்திற் சொன்னால் அம்மலையடிவாரத்துக் கிராமத்தாரும் நினைவில் எழுவர். தமிழகத்திலோ கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் வாழும் தமிழ் பேசும் பழங்குடியினர் 'மலையாளி' எனப்படுகின்றனர், கேரளத்தாரும் மலையாளியே. மலை என்ற சொல் எவ்வளவு தெளிவாய்த் தோன்றுகின்றதோ, அவ்வளவு வழுக்குவதாயும் உள்ளது.

தொகைக் கணக்கும் இதனால் மயங்குகின்றது. 1971இல் 11 இலட்சத்து 74 ஆயிரமாயிருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரமாயிற்று. கப்பலேறியோரே இக்குறைவுக்குப் பெருங்காரணர் எனினும், இலங்கைத் தமிழர் என்று தம்மை எழுதுவித்தோரும் உளர். அஞ்சியும், நம்பியும், பிள்ளைகளின் உத்தியோகம் கருதியும் அவ்வாறு எழுதுவித்தனர். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் நிலையை நீக்கியபின், இந்தியத் தமிழர் என்ற பெயரால் வரும் சட்டத் தடை இல்லை. 2023இல், இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர் நடந்து சென்றபோது மலையகத் தமிழர் என்ற பெயரையே ஏந்திச் சென்றனர். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் என்பதோடு மலையகத் தமிழர் என்ற பெயரும் ஒரே வரியில் இடம்பெற்றது.

அவ்வரிக்குள் அடங்காதோரும் உளர். 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறிய தோட்டக் குடும்பங்கள் இன்று வயல் செய்கின்றன. அங்கு மலையும் இல்லை, தேயிலையும் இல்லை. அயலார் அவர்களை இன்னமும் மலையகத்தார் என்கின்றனர். அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்தம் பிள்ளைகள், குடிசன மதிப்புக்கு வருவோரிடம் தம்மை எவ்வாறு கூறுவது என்று வீட்டுக்கு வீடு வெவ்வேறு விடை வைத்திருக்கின்றனர்.